புயல் காலத்துக்கு முன் சீரியல் போர்ட்டைத் தயாராக்கும் முறை

கடலூரிலும் புதுச்சேரியிலும் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஐப்பசி பிறந்தாலே ஒரு கண் வானத்தின் மேல்தான் இருக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இவ்விரு ஊர்களுக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. அத்தகைய நாளில் கணினிகளை இணைக்கும் சுவிட்ச் நனைந்து நெட்வொர்க் நின்றுபோனால், எஸ்எஸ்ஹெச் என்ற தொலை உள்நுழைவு வழியாக எந்தச் சர்வருக்குள்ளும் நுழைய இயலாது. சர்வரின் பின்புறத்தில் ஒன்பது முள்ளுடன் இருக்கும் சீரியல் போர்ட்டுக்கோ நெட்வொர்க் தேவையே இல்லை. ஒரு மடிக்கணினியும் ஒரு கேபிளும் இருந்தால் போதும். ஆனால் அதை முன்கூட்டியே அமைத்து வைத்திருக்க வேண்டும். டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸில் அதைச் செய்வது எப்படி என்று இங்கே விளக்குகிறேன்.

கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்துகளில், நான் தனியாகக் குறிப்பிடும் இடங்கள் தவிர, சிறிய எழுத்துகளாகவே இட வேண்டும். தமிழில் இரண்டு ஆங்கில எழுத்துகளுக்கு ‘டி’ ஒன்றுதான் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: போர்ட்டுகளின் பெயரில் வரும் டிடிஒய் என்பதன் இரண்டு ‘டி’யும் டெலிபோனின் டி. அந்தப் பெயரே டெலிடைப் எந்திரத்திலிருந்து வந்ததுதான்.

முதற்படி: போர்ட்டைக் கண்டுபிடித்தல்

இன்றைய மடிக்கணினிகளில் சீரியல் போர்ட் இல்லாததால், யுஎஸ்பி சீரியல் கேபிள் ஒன்று வேண்டும். சர்வருடன் இணைக்க அதன் முனையில் நல் மோடம் கேபிளும் (இந்த ‘நல்’ தமிழ்ச் சொல் அல்ல, வெறுமை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்) தேவை; ஒருபுறத்தின் அனுப்பும் முள் மறுபுறத்தின் பெறும் முள்ளைச் சேர வேண்டுமல்லவா? கேபிளைச் செருகியதும் ‘சூடோ டிமெசேஜ்’ (சூடோ என்பது நிர்வாகி அனுமதியுடன் இயக்குவதற்கான சொல்; பிற்பாதி ஐந்தே எழுத்து: டி, எம், இ, எஸ், ஜி, இந்த டி மட்டும் டெல்லியின் டி) என்று கொடுத்தால், கடைசி வரிகளில் டிடிஒய்யுஎஸ்பி0 என்ற பெயர் தென்படும். இதில் யுஎஸ்பி என்பது பெரிய எழுத்து.

உபுண்டு 22.04இல் சிலருக்கு இந்தப் பெயர் தோன்றிய வேகத்திலேயே மறைந்துவிடும். பிரெய்ல் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, சிஹெச்340 சிப் உள்ள கேபிள்களைத் தன்னுடைய கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொள்வதே காரணம். அந்தக் கணினியில் பிரெய்ல் திரையை யாரும் பயன்படுத்தவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே அந்தத் தொகுப்பை நீக்க வேண்டும்.

இரண்டாம் படி: அனுமதி

போர்ட்டைத் திறக்க டயல்அவுட் குழுவில் நீங்கள் இருக்க வேண்டும். ‘சூடோ யூசர்மாட் -ஏஜி டயல்அவுட்’ என்பதோடு உங்கள் பயனர்பெயரைச் சேர்த்துக் கொடுத்து, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். ஜி பெரிய எழுத்து. சிறிய ஏ-வை மறந்தால், இதுவரை இருந்த மற்ற குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும், சூடோ உட்பட, நீங்கள் விலக்கப்படுவீர்கள். ஒருமுறை அப்படி என் கணினியிலிருந்து நானே என்னை வெளியே தள்ளிக்கொண்டேன். அதன்பின் அந்த ஓரெழுத்தை இருமுறை பார்க்காமல் என்டர் அழுத்துவதில்லை.

மூன்றாம் படி: வேகமும் அமைப்பும்

தொடக்கநிலையாளர்கள் தடுமாறுவது இங்கேதான். ‘எஸ்டிடிஒய் -எஃப் /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0 -ஏ’ என்று கொடுத்தால் (எஃப் பெரிய எழுத்து) தற்போதைய அமைப்பு முழுவதும் தெரியும். அடுத்து, இறுதியில் உள்ள -ஏ-வை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ‘9600 சிஎஸ்8 -பிஏஆர்இஎன்பி -சிஎஸ்டிஓபிபி’ என்று இட வேண்டும். இங்கே முன்னால் நிற்கும் கோடு ‘இதை அணைத்துவிடு’ என்று பொருள்படும். எனவே கடைசிச் சொல் ‘இரண்டு ஸ்டாப் பிட் (எழுத்தின் முடிவைக் காட்டும் பிட்) வேண்டாம், ஒன்றே போதும்’ என்பதையும், அதற்கு முந்தியது ‘பாரிட்டி (பிழையைக் கண்டறிய உதவும் கூடுதல் பிட்) வேண்டாம்’ என்பதையும் சொல்கிறது. பல சுவிட்சுகளில் நேரடியாகக் கட்டளையிட உதவும் கன்சோல் போர்ட் இதே அமைப்பில்தான் வருகிறது.

இந்த அமைப்பில் ஓர் எழுத்துக்கு, தொடக்க பிட் ஒன்று, தரவு பிட் எட்டு, ஸ்டாப் பிட் ஒன்று என மொத்தம் பத்து பிட் செலவாகும். ஆகவே 9600 வேகத்தில், அதாவது வினாடிக்கு 9600 பிட் என்றால், வினாடிக்கு 960 எழுத்துகள். 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் உள்ள ஒரு திரை நிரம்ப இரண்டு வினாடி பிடிக்கும். சர்வருக்கு 115200 வைப்பதே நல்லது.

கேபிளில் மூன்றே கம்பிகள் இருந்தால் ‘-சிஆர்டிஎஸ்சிடிஎஸ்’ சேர்த்து வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாட்டையும் (‘இப்போது அனுப்பலாம்’ என்று தனிக் கம்பிகளில் சைகை காட்டும் முறை) அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் எழுத்துகள் திரையில் வரும், ஆனால் நீங்கள் தட்டச்சு செய்வது போய்ச் சேராது. குப்பை எழுத்துகள் வந்தால் பெரும்பாலும் வேகம் பொருந்தவில்லை. திரை உறைந்து நின்றால், பதறாமல் முதலில் கன்ட்ரோல்-கியூ அழுத்துங்கள். வெளியீட்டை நிறுத்திவைக்கும் கன்ட்ரோல்-எஸ் கைதவறி அழுத்தப்பட்டிருக்கலாம்.

நான்காம் படி: கேபிளைச் சோதித்தல்

நம் கடற்கரைக் காற்றின் உப்பு, முள்களில் பச்சை பூக்கச் செய்துவிடும். கட்டளைகளைக் குறை சொல்லும் முன் கேபிளைச் சோதிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். யுஎஸ்பி கேபிளின் ஒன்பது முள் முனையில் 2, 3 ஆகிய இரண்டை மட்டும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, ஸ்கிரீன் என்ற நிரலை ‘ஸ்கிரீன் /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0 115200’ என்று திறந்து ஏதேனும் தட்டுங்கள். தட்டிய எழுத்து திரும்பி வந்தால் கேபிள் நலம். ஸ்கிரீன் திறக்கும்போது வேகத்தைத் தானே மாற்றும் என்பதால், அதை ஒவ்வொரு முறையும் குறிப்பிட வேண்டும். வெளியேற கன்ட்ரோல்-ஏ, பின் கே, பின் ஒய்.

ஐந்தாம் படி: சர்வரின் பக்கம்

சர்வரில் உள்ள முதல் சீரியல் போர்ட்டின் பெயர் டிடிஒய்எஸ்0. எஸ் பெரிய எழுத்து. கணினியைத் தொடக்கி வைக்கும் கிரப் நிரலுக்கான /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பைப் படியெடுத்து வைத்துவிட்டு, அதில் லினக்ஸ் கட்டளை வரிக்கான இடத்தில் ‘கன்சோல்=டிடிஒய்0 கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200என்8’ என்று சேர்த்து, ‘சூடோ அப்டேட்-கிரப்’ கொடுத்து மறுதொடக்கம் செய்ய வேண்டும். வரிசை முக்கியம்: கடைசியில் இருப்பதே முதன்மைக் கன்சோல் ஆகும். இப்படிச் செய்தால், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி அந்தப் போர்ட்டில் லாகினையும் தானாகவே திறந்துவிடும்.

இனி உண்மையான சோதனை. வெயில் அடிக்கும் ஒரு நாளில், பயனர்கள் இல்லாத நேரத்தில், சர்வரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, மடிக்கணினியை நல் மோடம் கேபிளால் இணைத்து, ஸ்கிரீனைத் திறந்து என்டர் அழுத்துங்கள். லாகின் கேட்டு, கடவுச்சொல்லை ஏற்று உள்ளே விட்டால், நெட்வொர்க் கேபிளை மீண்டும் செருகிவிட்டு, நல் மோடம் கேபிளை ஈரம் புகாத பையில் கட்டி அந்தச் சர்வரின் மேலேயே வைத்துவிடுங்கள்.