லேப்டாப் ஹார்ட் டிஸ்க்: இடம் முக்கியமா, சுற்று முக்கியமா?

பல்லடத்தில் தறிக் கணக்கை டேலியில் எழுதும் அக்கா ஒருவர், திருப்பூரில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர். இருவரும் ஒரே வாரத்தில் என்னிடம் கேட்டார்கள்: "2 டிபி 5400 ஆர்பிஎம் வாங்கறதுங்களா, 1 டிபி 7200 வாங்கறதுங்களா?" டிபி என்பது டிஸ்க்கில் உள்ள இடம், ஆர்பிஎம் என்பது அதன் தட்டு நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழலும் என்பது. ஆளுக்கொரு பதில்தான் சொல்ல முடிந்தது. நீங்களும் இப்படிப் பார்த்து முடிவு செய்யலாம்.

படி 1: இருக்கும் டிஸ்க்கைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் அதன் சுற்று வேகம் தெரியும். எத்தனை ஜிபி நிரம்பியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. பயப்பட வேண்டாம்.

படி 2: சுற்று எதற்கு உதவும் என்று புரிந்துகொள்ளுங்கள். நூல் மில்லில் கதிர் சுழல்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிது. தட்டு சுழன்று, வேண்டிய இடம் தகவலைப் படிக்கும் தலைக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். 5400-ல் அந்தக் காத்திருப்பு சராசரியாக 5.6 மில்லி செகண்ட், 7200-ல் 4.2. ஒரு தடவைக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் லேப்டாப் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேடும், அங்கேதான் வித்தியாசம் தெரியும்.

பெரிய வீடியோவுக்குக் கதை வேறு. கொள்ளளவு கூடிய டிஸ்க்கில் அதே தட்டில் தகவல் நெருக்கமாக எழுதப்பட்டிருந்தால், ஒரு சுற்றிலேயே அதிகம் படித்துவிடும். அதனால் காப்பி செய்யும் வேகத்தில் புதிய 1 டிபி 5400, பழைய 320 ஜிபி 7200-ஐ முந்தக்கூடும். ஆர்பிஎம்மை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்.

படி 3: லேப்டாப்பில் டிஸ்க் வைக்கும் இடத்தின் உயரத்தை அளந்து பாருங்கள். 7 மி.மீ. இடத்தில் 9.5 மி.மீ. டிஸ்க் போகாது. மெல்லிய 2 டிபி டிஸ்க்குகள் பலவற்றில் தகவல் எழுதும் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். தொடர்ந்து எழுதினால் அவை திணறும்.

படி 4: முடிவு. தம்பிக்கு இடம்தான் தேவை, 2 டிபி எடுக்கச் சொன்னேன். எடிட் செய்ய அல்ல, முடிந்த வீடியோவைச் சேர்த்து வைக்க.

அக்காவுக்கு 300 ஜிபி கூட நிரம்பவில்லை. அப்புறம், அவர் மேசை தறிக்கொட்டகைக்குள்ளேயே இருக்கிறது. நாள் முழுக்க அதிரும் இடத்தில் சுழலும் தட்டு எதுவாக இருந்தாலும் ஆபத்துதான். 7200 வேண்டாம், 500 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள் என்றேன். அதில் தகவல் சிப்பில் இருக்கும், சுழல எதுவுமே இல்லை, வேகமும் பல மடங்கு. டிஸ்க்கைக் கழற்றும் முன் கணக்கை ஒரு பென் டிரைவில் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பார்த்துக்கொண்டோம்.