எஸ்டோனியத் தரைப்படையின் வாகனங்களை அடையாளம் காணும் முறை

பிப்ரவரி 24 சுதந்திர தின அணிவகுப்பின் ஒளிப்படங்களைக் கொண்டு எஸ்டோனியத் தரைப்படையை அறிய விரும்புவோர், சங்கிலிப் பட்டையும் சுழல் கோபுரமும் உள்ள ஒவ்வொரு வாகனத்தையும் டாங்கி என்று எண்ணிவிடக் கூடாது. அந்நாட்டுக்குச் சொந்தமாகப் போர் டாங்கிகள் இல்லை. படத்தில் உண்மையான டாங்கி இருந்தால், அது பெரும்பாலும் அங்கு நிலைகொண்டுள்ள நேட்டோ கூட்டாளிகளுடையதாக இருக்கும்.

முதலில் சங்கிலிப் பட்டைக்குள் ஒரு பக்கத்தில் உள்ள பெரிய சக்கரங்களை எண்ணுங்கள். ஏழு சக்கரங்களும், நடுப்பகுதியில் கோபுரமும், ஒப்பீட்டளவில் மெல்லிய 35 மில்லிமீட்டர் பீரங்கிக் குழலும் இருந்தால், அது நெதர்லாந்திடமிருந்து வாங்கப்பட்ட, சுவீடனில் உருவான சிவி90 காலாட்படைப் போர் வாகனம். ஆறு சக்கரங்களும், பின்புறம் தள்ளி அமைந்த பெரிய கோபுரமும், முன்னால் நெடுந்தூரம் நீளும் 155 மில்லிமீட்டர் குழலும் இருந்தால், அது தென்கொரியாவின் கே9, அதாவது தானே நகர்ந்து செல்லும் பீரங்கி வாகனம். கோபுரத்தின் இடத்தைக் கவனிப்பதே மிகவும் நம்பத்தக்க வழி என்பது என் கருத்து. ஏனெனில் பனியும் சேறும் சக்கரங்களை எளிதில் மறைத்துவிடும்.

சங்கிலிப் பட்டையின்றி ஆறு டயர்களில் ஓடும் பெட்டி வடிவக் கவச வாகனம், பின்லாந்தின் பாசியாக இருக்கலாம்.

வீரர்களின் கையில் உள்ள புதிய துப்பாக்கி, 2019இல் ஒப்பந்தமான அமெரிக்கத் தயாரிப்பான ஆர்-20. டாங்கிகளை எதிர்க்க, தோளில் வைத்து ஏவும் ஜாவலின் ஏவுகணையும் இப்படையிடம் உண்டு.