தூக்கத்தை வரவழைக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்றால் மறுநாள் என்ன செய்கிறோம்? காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் படுத்திருப்போம். மதியம் ஒரு காபி அதிகம். சாயங்காலம் உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் கண்ணயர்வோம். இரவு ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவோம். விட்டுப்போன தூக்கத்தைப் பிடிக்கத்தான் இத்தனையும். ஆனால் இதில் ஒவ்வொன்றும் அடுத்த ராத்திரித் தூக்கத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும். நல்ல தூக்கம் பற்றிய பேச்சு எப்போதும் போனிலும் காபியிலும்தான் தொடங்குகிறது. அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் தூக்கமில்லாமல் தவிப்பவர்களை மாதக்கணக்கில் இழுத்தடிப்பது பெரும்பாலும் தூக்கத்துக்காக அவர்கள் எடுக்கும் முயற்சிதான் என்பதால் அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

தூக்கம் இரண்டு விஷயங்கள் கூடிவரும்போது வருகிறது. அலெக்சாண்டர் போர்பேலி என்ற ஆய்வாளர் 1982-இல் முன்வைத்த விளக்கம் இது. ஒன்று, விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்துகொண்டே போகும் தூக்க அழுத்தம். அடினோசின் என்ற வேதிப்பொருளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. பசி மாதிரிதான் இதுவும்: நேரம் ஆக ஆக ஏறும், நடுவில் கொறித்தால் அடங்கிவிடும். இன்னொன்று, ஏறக்குறைய 24 மணி நேரச் சுற்றில் ஓடும் உடல் கடிகாரம். அழுத்தம் போதிய அளவு ஏறி, கடிகாரமும் சரி என்று சொல்லும் நேரத்தில் படுத்தால் தூக்கம் தானாக வரும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் புரள வேண்டியதுதான்.

சீக்கிரம் படுப்பதில் உள்ள சிக்கல் இப்போது புரியும். வழக்கமாகப் பதினொன்றுக்குத் தூங்குகிறவருக்கு எட்டிலிருந்து பத்து மணி வரை உடல் கடிகாரம் மூளையை நன்றாக விழிப்பில் வைத்திருக்கும் நேரம். அந்த நேரம் பார்த்துப் படுத்தால் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் எளிதில் கண் மூடாது. காலையில் தாமதமாக எழுந்தால் அன்று இரவுக்குள் அழுத்தம் முழுதாக ஏறாது. சாயங்காலக் குட்டித் தூக்கம் ஏறியதையும் கரைத்துவிடும். பகலில் தூங்கியே ஆக வேண்டும் என்றால் மதியம் மூன்று மணிக்கு முன்னால், இருபது நிமிடத்துக்கு மேல் போகாமல் எழுந்துவிடுங்கள்.

அதனால் பிடித்துக்கொள்ள வேண்டியது படுக்கும் நேரத்தை அல்ல, எழும் நேரத்தை. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் அதே நேரத்தில் எழுவது, எழுந்த கையோடு வெளிச்சத்துக்குப் போவது. ஒரே ஒரு பழக்கத்தைத்தான் மாற்ற முடியும் என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். விடுமுறை நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கிவிட்டு அன்று இரவு விழித்துக் கிடப்பதும், திங்கட்கிழமை காலை தலை பாரமாக எழுவதும் பலருக்கும் தெரிந்த கதைதான்.

படுக்கையில் விழித்தபடி கிடப்பது

என்னைக் கேட்டால் மிகப் பெரிய தவறு இதுதான். தூக்கம் வராமல் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று படுத்தே கிடக்கிறோம். 'கண்ணை மூடிக் கிடந்தாலாவது உடம்புக்கு ஓய்வுதானே' என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம். இப்படி வாரக்கணக்கில் நடந்தால் படுக்கை என்றாலே விழிப்பும் பதற்றமும்தான் என்று மூளை பழகிவிடும். கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது கண் சொக்கியவருக்கு அறைக்குள் போய்த் தலையணையில் தலை வைத்ததும் பளிச்சென்று விழிப்பு வருகிறதே, அதற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான்.

1972-இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு வழி சொன்னார். இன்றும் தூக்கச் சிகிச்சையில் அதற்கு முக்கிய இடம் உண்டு. பதினைந்து, இருபது நிமிடம் ஆகிவிட்டது போலத் தோன்றினால் எழுந்துவிடுங்கள். மங்கலான விளக்கில், ஒரு நாற்காலியில், முன்பே படித்த புத்தகம் ஒன்றைப் புரட்டலாம். போன் வேண்டாம், அலுவலக வேலை வேண்டாம். படித்த வரியையே மறுபடி படிக்கிறோம், இமை தானாக இறங்குகிறது, தலை சாய்கிறது என்ற நிலை வரும்போதுதான் திரும்பப் போக வேண்டும். வெறும் களைப்போடு போனால் பழையபடி புரளத்தான் செய்வோம். மறுபடியும் தூக்கம் வரவில்லையா, மறுபடியும் எழுந்திருங்கள். முதல் சில நாட்கள் கடினமாகத்தான் இருக்கும், தூக்கம் முன்பைவிடக் குறைந்ததுபோலவும் தோன்றும். அங்கேதான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் கடிகாரம். நடுராத்திரி விழிப்பு வந்ததும் கை தானாகப் போனைத் தேடும். 2:40. உடனே மனது கணக்குப் போடும்: 'இப்போது தூங்கினால்கூட மூன்றரை மணி நேரம்தான். நாளைக்குக் கூட்டத்தில் எப்படி உட்காரப் போகிறேன்?' அந்தக் கணக்கு ஒன்றே போதும், இதயத் துடிப்பு ஏறி அரைத் தூக்கமும் கலைந்துவிடும். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள், போனுக்கு அலாரம் வைத்துக் கை எட்டாத இடத்தில் வையுங்கள். நடுவில் விழிப்பு வருவதே கோளாறு என்றும் நினைக்க வேண்டாம். ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாகத்தான் தூங்குகிறோம், நடுநடுவே சிறு விழிப்புகள் எல்லோருக்கும் உண்டு. வயதாக ஆக அது கூடவும் செய்யும். ஸ்மார்ட் கைக்கடிகாரம் காட்டும் தூக்க மதிப்பெண்ணைப் பார்த்துக் கவலைப்படுவதும் இதே வகைதான்.

காபி, மது, வெளிச்சம்

காபியில் உள்ள காஃபீன், அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடத்தை மூளையில் அடைத்துக்கொள்கிறது. அழுத்தம் இருக்கும், நமக்குத்தான் தெரியாது. குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து, ஆறு மணி நேரமாகும், சிலருக்கு அதைவிட அதிகம். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்தவர்களுக்குக்கூடத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. அது மூன்று, நான்கு கப் காபிக்குச் சமம், உண்மைதான். 'எனக்குக் காபி குடித்தாலும் தூக்கம் வரும்' என்பவர்களுக்கும் ஆழ்ந்த தூக்கம் குறைந்திருக்கலாம். பகல் இரண்டு மணியோடு நிறுத்திப் பாருங்கள். டீ, கோலா, டார்க் சாக்லேட் எல்லாம் கணக்கில் சேரும்.

மது படுத்தவுடன் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும். கனவுத் தூக்கத்தையும் குறைக்கும், குறட்டையையும் கூட்டும். தூக்க மருந்தாக அதை நம்புவது ஆபத்து.

இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பைப் போன் வெளிச்சம் தள்ளிப்போடும் என்பது உண்மை. ஆனால் திரையை மஞ்சளாக்கிவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. சண்டை, செய்தி, அடுத்தடுத்த வீடியோ என்று மனதை விழிக்க வைப்பது திரையில் ஓடும் விஷயம், அதற்கு நிறம் ஒரு பொருட்டல்ல. அறையின் மேல்விளக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடைசி ஒரு மணி நேரம் வீட்டு வெளிச்சத்தையே குறைத்துவிடுவது நல்லது.

சூடான குளியல் உடம்பைச் சூடாக்கித் தூங்க வைக்கும் என்பதும் சரியல்ல. தூக்கம் வர உடலின் உள்வெப்பம் இறங்க வேண்டும். வெந்நீரில் குளித்தால் ரத்தம் தோலுக்கு வந்து, பிறகு வெப்பம் வெளியேறும். அதனால் படுப்பதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்பே குளித்துவிட வேண்டும்.

மறுநாள் வேலைகள் மண்டையில் சுற்றினால் ஐந்து நிமிடம் ஒதுக்கி, என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். விவரமாக எழுதுங்கள், 'அலுவலக வேலை' என்று ஒற்றை வரியில் முடித்தால் மனது விடாது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

வாரத்தில் மூன்று நாளாவது தூக்கம் வராமல், அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் பழக்கத்தை மாற்றுவதோடு நிற்க வேண்டாம். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல், நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை, அதாவது தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சையை, தரச் சொன்னது. மேலே சொன்ன பல வழிகள் அதன் பகுதிகளே. அலர்ஜி மாத்திரையைத் தூக்கத்துக்காகத் தாமாகவே போட்டுக்கொள்பவர்கள், முக்கியமாக முதியவர்கள், அதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேச வேண்டும்.

பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்குவது ஆகியவை தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். படுக்கைப் பழக்கத்தை மாற்றுவதால் மட்டும் அது சரியாகிவிடாது. அந்தத் திணறல் தூங்குபவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை, பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். அதனால் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு வாரம் படுத்த நேரம், எழுந்த நேரம், குடித்த காபி எல்லாவற்றையும் காலையில் தோராயமாகக் குறித்துவைத்த தாள் ஒன்றும் கையில் இருக்கட்டும்.