பழைய வேனுக்கு ஹாட் வயர் சென்சார்

ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பழைய வேன் ஒரு கணம் திக்குகிறதா? இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் மடல் வகை சென்சாரின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே முள் உரசி உரசி கார்பன் தடம் தேய்ந்திருக்கலாம். சூடான கம்பியால் காற்றை அளக்கும் ஹாட் வயர் சென்சாருக்கு மாறுவது நல்ல முடிவுதான், அசையும் பாகமே கிடையாது. ஆனால் பிளக்கை மாற்றிச் செருகினால் மட்டும் ஓடாது, சிக்னல் வேறு. அதற்கேற்ற சர்க்யூட்டோ புதிய இசியூவோ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தேவை.

முக்கியமான விஷயம்: எல்-ஜெட்ரானிக் (பழைய பெட்ரோல் இன்ஜெக்ஷன் முறை) வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் பம்ப் சுவிட்சும் காற்று வெப்பநிலை சென்சாரும் அந்தப் பழைய மடல் சென்சாரின் பெட்டிக்குள்தான் இருக்கும். இரண்டுக்கும் மாற்று வைக்க வேண்டும். தயவுசெய்து பம்பைச் சாவியோடு நேரடியாக இணைத்துவிடாதீர்கள். விபத்தில் இன்ஜின் நின்ற பிறகும் பெட்ரோல் பாய்ந்துகொண்டே இருக்கும். அப்புறம், சென்சாருக்கு அடுத்த ரப்பர் குழாயை வளைத்து, மடிப்புகளில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.