ஐதராபாத்தில் டர்பன் பிளக்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து அலுவலக வேலையாக ஐதராபாத் போனேன். மடிக்கணினியின் பருத்த மூன்று முள் பிளக் அறையில் எதிலும் நுழையவில்லை. அதனால் இரவுவரை வாடிக்கையாளர் அலுவலகத்திலேயே வேலை. ஊர் பார்ப்பது தள்ளிக்கொண்டே போனது.

வரவேற்பில் தந்த அடாப்டர் ஐரோப்பிய இரட்டை முள்ளுக்கானது. விமான நிலையத்தில் வாங்கிய ‘எல்லா நாட்டு’ அடாப்டரில் தென்னாப்பிரிக்காவுக்கு ஓட்டையே இல்லை! கூட வந்த, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி அண்ணன் பிளக்கை வெட்டச் சொன்னார். நல்லவேளை, கத்தி கிடைக்கவில்லை.

அப்புறம்தான் இஸ்திரிப் பெட்டிக்கென அலமாரி ஓரத்தில் இருந்த 16 ஆம்பியர் சாக்கெட் கண்ணில் பட்டது. சிறியதும் பெரியதுமாகத் துளைகள். பெரிய மூன்றில் நம் பிளக் கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், வேறெதுவும் தேவையில்லை.

அன்று மாலையே சார்மினார், லாட் பஜார் வளையல் கடைகள். சரி, ஒன்று: டர்பனில் இப்போது வரும் மெல்லிய மூன்று முள் பிளக்குக்கு இந்த வழி உதவாது.