பூசைக்குப் பறிக்க முன்னம் ஒரு படம்: வளவுப் பூக்களை நாளுக்கு ஒன்றாகப் படமெடுப்பது எப்படி

செவ்வரத்தம்பூவுக்கு ஆயுள் ஒரு நாள்தான். எங்கள் வளவில் அதுவும் இல்லை, ஏனென்றால் அம்மா விடிய ஆறரைக்கே பூக்கூடையோடு இறங்கிவிடுவார். நான் படமெடுக்கத் தொடங்கிய முதல் இரண்டு கிழமையும் இதனால் தினமும் சண்டை. பிறகு ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம்: செடிக்கு ஒரு பூ எனக்கு, மிச்சமெல்லாம் சாமிக்கு. இப்போது அம்மாவே "இண்டைக்கு இது நல்ல வடிவாயிருக்கு, விட்டிருக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

திருகோணமலை டவுனுக்குள், கோட்டைக்குக் கிட்ட, சின்ன வளவு. கையில் இருப்பது சாதாரண போன். நல்ல கமரா வாங்கின பிறகு பார்ப்போம், நுவரெலியா மாதிரிப் பூந்தோட்டம் இருந்தால் செய்யலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும்.

முதலில் ஒரு செடி, ஒன்றே ஒன்று

முழு வளவையும் சுற்றிச் சுற்றி எடுக்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். மூன்றாம் நாளே எல்லாப் பூவும் எடுத்து முடிந்த மாதிரி அலுத்துவிட்டது. முதல் 30 நாளும் ஒரே செடியில் நில்லுங்கள். பூ மாறாமல் இருந்தால்தான் வெளிச்சம் மாறுவது கண்ணுக்குப் பிடிபடும்.

எந்தச் செடி என்பதை உங்கள் நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள், பூவின் அழகை வைத்தல்ல. விடிய எழும்புகிறவர்களுக்குச் செவ்வரத்தை, நந்தியாவட்டை. இன்னும் முன்னதாக எழும்பினால் பவளமல்லிகை: இரவில் பூத்து, விடியும்போது உதிர்ந்து கிடக்கும். பத்துமணிப்பூ நல்ல வெயில் ஏறினால்தான் விரியும், மப்பு மூடின நாளில் அரைக்கண்ணோடு நிற்கும். வேலைக்குப் போய்ப் பின்னேரம் வீடு திரும்புகிறவர்களுக்கு நாலுமணிப்பூவைப் போல வராது. அந்திமந்தாரை என்று சொல்வதும் அதைத்தான். ஒரே செடியில் மஞ்சளும் ரோஸும் கலந்து, ஒரு பூவுக்குள்ளேயே இரண்டு நிறம் தெறித்த மாதிரி வரும், ஆகையால் ஒரு மாதம் எடுத்தாலும் அலுக்காது. தெரிவு செய்ய முடியாவிட்டால் செவ்வரத்தையில் தொடங்குங்கள். அதில் வருகிற கரைச்சலைச் சமாளித்தால் மற்றதெல்லாம் லேசு.

லென்ஸைத் துடையுங்கள்

சிரிக்க வேண்டாம். மூன்று பக்கமும் கடல் இருக்கிற ஊர் இது. டச்சுக் குடாப் பக்கம் ஒரு பின்னேரம் நடந்துவிட்டு வந்தால் லென்ஸில் உப்புப் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். படத்தில் புகைமூட்டம் மாதிரித் தெரியும், நீங்கள் போனைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். காய்ந்த லேஞ்சியால் தேய்த்தால் உப்புத் துகள் கீறிவிடும். பஞ்சுத் துணியில் ஒரு துளி நல்ல தண்ணீர் பட்டு மெதுவாக ஒற்றி எடுங்கள், பிறகு காய்ந்த பக்கத்தால் துடையுங்கள்.

காற்றைக் கேட்டுவிட்டு வெளிக்கிடுங்கள்

பூப் படம் என்றால் எல்லோரும் வெளிச்சத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எங்கள் ஊரில் காற்றை முதலில் பார்க்க வேண்டும். வைகாசி தொடங்கினால் கச்சான் (கொறிக்கிற கச்சான் இல்லை, வீசுகிற கச்சான்) காய்ந்து சுட்டுக்கொண்டு தென்மேற்கிலிருந்து வரும். பொழுது ஏற ஏற வேகமும் ஏறும், காம்பு நீளமான பூவெல்லாம் தலையாட்டிக்கொண்டே நிற்கும். அந்த மாதங்களில் சூரியன் எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள் வேலையை முடித்துவிடுங்கள். சூரியனும் தாழ இருப்பதால் பக்கவாட்டு வெளிச்சம் விழுந்து இதழின் மடிப்பெல்லாம் எழும்பித் தெரியும்.

காற்று விடாத நாளில் என்ன செய்வது? மண்ணில் ஒரு தடியை நட்டு, உடுப்புக் கொழுவுகிற கிளிப்பால் காம்பைத் தடியோடு சேர்த்துக் கவ்வவிடுங்கள், கிளிப் படத்துக்கு வெளியே நிற்கட்டும். போனில் புரோ மோட் (அளவுகளை நாமே மாற்றுகிற முறை) இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/500 நொடி அல்லது அதைவிட வேகமாக வையுங்கள். அது இல்லாவிட்டால், ஆடுகிற பூ ஒரு பக்கம் போய்த் திரும்புகிற அந்தக் கணத்தில் ஒரு நொடி நிற்கும் பாருங்கள், அங்கே அழுத்துங்கள். ஊஞ்சல் ஆடினவர்களுக்கு இந்த இடம் தெரியும்.

முழங்காலில் இறங்குங்கள்

தொடக்கக்காரர்களின் படங்களில் பத்துக்கு ஒன்பது, நின்ற நிலையில் மேலேயிருந்து பார்த்து எடுத்தவை. பூவின் உயரத்துக்கு இறங்குங்கள். பழைய சாக்கு ஒன்றை மடித்து முழங்காலுக்குப் போடுங்கள். முதுகு நோகிறவர்கள் குட்டிக் கதிரை ஒன்றை இழுத்துக்கொள்ளலாம், நானும் இப்போது அப்படித்தான்.

எவ்வளவு கிட்டப் போகலாம்? பெரும்பாலான போன்களின் பிரதான கமராவுக்குப் பத்துப் பதினைந்து சென்ரிமீற்றருக்குள் போனால் ஃபோகஸ் பிடிக்காது. படம் தெளியவில்லையென்றால் இன்னும் கிட்டப் போகாமல் கொஞ்சம் பின்னுக்கு வாருங்கள். பிறகு படத்தை வெட்டிக்கொள்ளலாம். விலை குறைந்த போன்களில் 'மேக்ரோ' என்று 2 மெகாபிக்சலில் ஒரு லென்ஸ் வைத்திருப்பார்கள், அதைத் தொடவே வேண்டாம். பிரதான கமராவில் எடுத்து நான்கில் ஒரு பங்காக வெட்டினாலும் அதைவிட நன்றாக இருக்கும். போனில் கொழுவுகிற மேக்ரோ லென்ஸ் ஒன்றுக்கு நானும் காசு கரைத்திருக்கிறேன். பூவோடு மூக்கு முட்டுகிற தூரத்தில்தான் அது வேலை செய்தது, நடு மட்டும் தெளிவு, ஓரமெல்லாம் கரைசல். இப்போது எறும்பு பார்க்க மகன் வைத்திருக்கிறான்.

பூவுக்குப் பின்னால் என்ன?

அழுத்த முன்னம் பூவைப் பார்க்காமல் அதன் பின்புறத்தைப் பாருங்கள். கிணற்றடி வாளி, கொடியில் காயும் சாரம், மதிலில் ஒட்டின தேர்தல் நோட்டீஸ் எல்லாம் அங்கேதான் இருக்கும். அரையடி இடமோ வலமோ நகர்ந்தாலே பாதிச் சிக்கல் போய்விடும். பூவுக்கும் பின்னணிக்கும் இடையில் தூரம் கூடினால் பின்னணி தானாகக் கரையும். பூ மதிலோடு ஒட்டி நின்றால் எந்த 'போர்ட்ரெய்ட்' மோடும் இதழ் ஓரத்தைக் கடித்துத்தான் வைக்கும். எனக்கு அந்த மோட் பிடிக்காது. ஒன்றும் சரிவராத நாளில் கறுப்புத் துணி ஒன்றைப் பின்னால் இரண்டடி தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் ஒரு ரொஃபியோடு காரியம் முடியும்.

சிவப்பு ஏன் சாயக் கட்டியாக வருகிறது

நான் அதிக நாள் செலவழித்த இடம் இது. செவ்வரத்தையை எடுத்துப் பார்த்தால் நரம்பும் இல்லை, மடிப்பும் இல்லை, சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்ட மாதிரி ஒரு கட்டி. போன் பழுதில்லை. கமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துத்தான் ஒளியை அளக்கிறது. முழுப் படத்தின் வெளிச்சத்தைச் சராசரி பார்த்து "சரி, அளவாயிருக்கு" என்று அது முடிவு செய்கிறபோது சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். வழிந்த இடத்தில் நரம்பைக் காட்ட அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

செய்ய வேண்டியது இது. திரையில் பூவின் மேல் விரலை வைத்து ஒன்றிரண்டு நொடி அழுத்திப் பிடியுங்கள், ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு சூரியக் குறி வரும், அதைக் கீழே இழுங்கள். திரையில் படம் கொஞ்சம் இருண்டு, இதழின் நரம்பு மெல்ல மெல்ல மேலே வரும். எங்கே நரம்பு தெளிவாகத் தெரிகிறதோ அங்கே நிறுத்தி எடுங்கள். இலைகள் இருண்டு போனால் பரவாயில்லை, பிறகு எடிட்டில் நிழலை மட்டும் கொஞ்சம் தூக்கலாம். வழிந்துபோன சிவப்பை எந்த எடிட்டாலும் மீட்க முடியாது.

வெள்ளைப் பூவுக்கு இரண்டு விதம். கரும்பச்சை இலைகளுக்கு நடுவே ஒற்றை நந்தியாவட்டை என்றால் இலைக்காகப் போன் வெளிச்சத்தைக் கூட்டிவிடும், பூ வெளிறிப்போகும், அதனால் கீழே இழுக்க வேண்டும். படம் முழுக்க வெள்ளை இதழே நிறைந்திருந்தால் போன் பயந்து சாம்பல் ஆக்கிவிடும், மேலே தள்ள வேண்டும். நீலக் காக்கணம்பூவை நிழலில் எடுத்தால் போன் நிறத்தைச் சூடாக்கி ஊதாவாக மாற்றும். வைட் பேலன்ஸை (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்கிற அளவை) பகல் வெளிச்சத்துக்கு வைத்துவிட்டு எடுங்கள்.

ஃபோகஸ் எங்கே? பள்ளிக்கூடத்தில் பிளேட்டால் நெடுக்கு வெட்டிப் பார்த்த பூதான் செவ்வரத்தை, நடுவில் நீளும் குழாய், அதன் நுனியில் ஐந்து குறி, கீழே மகரந்தக்கூடுகள் என்று வரைந்து புள்ளி வாங்கியிருப்பீர்கள். நேர் முன்னாலிருந்து எடுத்தால் குறி தெளியும்போது இதழ் கரையும், இதழ் தெளியும்போது குறி கரையும், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு தூரத்தில் நிற்கின்றன. பக்கவாட்டில் வந்து நில்லுங்கள். குழாய் முழுதும் கமராவுக்கு ஒரே தூரத்தில் வந்துவிடும், நுனி முதல் அடி வரை தெளிவு.

உச்சி வெயிலும் மழையும்

மத்தியான வெயில் பூவுக்கு ஆகாது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டின நாட்களில் திருகோணமலையில் சூரியன் நேர் உச்சிக்கே வரும், நட்ட தடிக்குக்கூட நிழல் விழாது; ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு தரம் அப்படி. அந்த நேரத்தில்தான் எடுக்க முடியும் என்றால் மெல்லிய வெள்ளை வேட்டியை இரண்டாள் பூவுக்கு மேலே விரித்துப் பிடியுங்கள். ஒற்றை ஆளென்றால் ரெஜிபோம் பலகைத் துண்டு ஒன்றை நிழல் பக்கம் சாய்த்து வையுங்கள், அதிலிருந்து தெறிக்கிற வெளிச்சம் கறுத்த நிழலை நிரப்பும். அல்லது எதிர்ப்பக்கம் போய், சூரியனைப் பூவுக்குப் பின்னால் விட்டு எடுங்கள், இதழ் விளக்கு ஏற்றின மாதிரி உள்ளேயிருந்து ஒளிரும்.

கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் நிறையப் பேர் இதை நிறுத்திவிடுகிறார்கள். மப்பு மூடின வானமே பெரிய வேட்டிதான். நிறங்கள் ஆண்டு முழுதும் அப்படி வராது. குடை வேண்டும், அவ்வளவே.

நாளுக்கு ஒன்றை மட்டும் வையுங்கள்

எத்தனை வேண்டுமானாலும் எடுங்கள், இரவு படுக்க முன்னம் ஒன்றை வைத்துவிட்டு மற்றதை அழியுங்கள். ஒரு படம் 4 எம்பி என்று வைத்தாலும் 365 நாளைக்கு ஒன்றரை ஜிபிக்குள் அடங்கும். நான் முதலில் ஒன்றையும் அழிக்காமல் போன் நிரம்பி, தங்கச்சியின் கலியாணப் படத்தை எங்கே தள்ளுவது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். இடத்தைவிட முக்கியம், எது நல்லது என்று தீர்மானிக்கப் பழகுவது. இரண்டுக்குள் ஒன்றைத் தேர்கிறபோதுதான் அடுத்த நாள் எங்கே நிற்க வேண்டும் என்று புரிகிறது. எடிட் என்றால் வெட்டுவது, நேராக்குவது, நிழலைத் தூக்குவது, அதோடு நிறுத்துங்கள். நிறத்தைக் கூட்டுகிற பக்கம் போனால் எல்லாப் பூவும் பிளாஸ்ரிக் பூவாகும்.

ஒன்றும் பூக்காத நாளும் வரும். அப்போது மொட்டை எடுங்கள், பூவின் முதுகை எடுங்கள், வாடிச் சுருண்டதை எடுங்கள். பவளமல்லிகை உதிர்ந்து கிடந்தால், விளக்குமாற்றுக் கோடு போட்ட மணலோடு சேர்த்து, போனைத் தரைக்குச் சமாந்தரமாகப் பிடித்து நேர் மேலேயிருந்து எடுங்கள். மேலேயிருந்து எடுக்கலாம் என்று நான் சொல்கிற ஒரே இடம் இது. ஜெர்மனியில் கார்ல் புளொஸ்ஃபெல்ட் (1865–1932) என்று ஒரு கலைப் பள்ளி ஆசிரியர் இருந்தார். மாணவர்களுக்கு வடிவங்களைக் காட்டுவதற்காக, தானே செய்த கமராவில், 30 வருடத்துக்கு மேல் தண்டையும் மொட்டையும் விதையையும் வெறும் பின்னணியில் எடுத்துக்கொண்டேயிருந்தார். பாதிக்குப் பாதி வழியோரத்தில் முளைக்கிற சாதாரணச் செடிகள்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு தொல்லை மான். கோட்டையிலிருந்து கூட்டமாக டவுனுக்குள் இறங்கும் புள்ளிமான்கள், படலை திறந்து கிடந்தால் உள்ளே வந்துவிடும். ஒரு மொட்டை நாலு நாளாகத் தொடர்ந்து எடுத்து, ஐந்தாம் நாள் விரியும் என்று அலாரம் வைத்து எழும்பிப் போனால் காம்பு மட்டும் நிற்கிறது. கடித்த காம்பைத்தான் எடுத்தேன், அன்றைக்கு அதுதான் வைத்த படம்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் உடன்படிக்கையும் செல்லாது. அம்மா பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போகிற நாள், செடியில் ஒன்றும் மிஞ்சாது. ஆகையால் என்னுடைய வெள்ளிக்கிழமைப் படமெல்லாம் கூடைக்குள் எடுத்தவை: வாசல்படியில் கூடையை வைத்து, வெளிச்சம் ஒரு பக்கமாக விழ, அம்மா செருப்பைப் போட்டு முடிக்கிற நேரத்துக்குள்.