தோல்விகளை எண்ணுவதற்கு முன்: ஜர்னிமேன் ஹெவிவெயிட் வீரரின் சண்டைப் பதிவை வாசிக்கும் முறை

1998 டிசம்பர் 5 அன்று கீவ் நகரில் விளாடிமிர் கிளிட்ச்கோ தம் சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னிலையில் களமிறங்கினார். அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்தபின் சந்தித்த 24 பேரையும் வீழ்த்தியிருந்தவர். அவருக்கு எதிரே நிறுத்தப்பட்டவர் ராஸ் பியூரிட்டி என்னும் அமெரிக்கர். பியூரிட்டியின் கணக்கு அன்றைக்கு 24 வெற்றி, 13 தோல்வி, 1 சமன். அந்தப் பதின்மூன்றைப் பார்த்தவர்கள் எல்லாம் ஊர்ப் பிள்ளைக்கு ஒரு சுலபமான இரவு வாய்த்தது என்றே எண்ணியிருப்பார்கள். முதல் சுற்றுகளில் கிளிட்ச்கோ அடித்துக்கொண்டே இருந்தார். பியூரிட்டி கையுறைகளைக் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, வாங்கியபடியே முன்னால் நகர்ந்துகொண்டிருந்தார். பத்தாம் சுற்றுக்குள் இளையவரின் மூச்சு தீர்ந்துபோயிற்று. பதினோராம் சுற்றில் கிளிட்ச்கோவின் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் ஸ்டுனெக் தாமே குறுக்கிட்டுச் சண்டையை நிறுத்த வேண்டியதாயிற்று.

அன்று நடந்ததை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் பியூரிட்டி எளிதில் விழுகிற ஆள் அல்லர் என்பது அவருடைய பதிவிலேயே எழுதப்பட்டிருந்தது. அதை எந்தக் கட்டத்தில் தேடுவது, எப்படிப் படிப்பது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பாக்ஸ்ரெக் போன்ற பதிவேட்டுத் தளங்களில் எந்த வீரரின் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது வெற்றி தோல்விகளின் கூட்டுத்தொகை. ஜர்னிமேன் வீரரைப் பொறுத்தவரை அந்தப் பக்கம் முழுவதிலும் மிகக் குறைந்த செய்தியைத் தருவது அந்தக் கூட்டுத்தொகைதான் என்பது பல ஆண்டுகள் இந்தப் பதிவுகளைப் புரட்டியதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

ஜர்னிமேன் என்ற சொல்லுக்கும் பயணத்துக்கும் தொடர்பில்லை. நாள் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த அது, தொழிலை முழுதாகக் கற்றுத் தேர்ந்தும் சொந்தப் பட்டறை இல்லாமல் நாட்கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞரைக் குறித்தது. குத்துச்சண்டையிலும் பொருள் அதுவே. வளர்ந்துவரும் இளம் வீரருக்குத் தகுந்த எதிராளி வேண்டும் என்று, சண்டைகளுக்கு ஆள் சேர்த்து ஏற்பாடு செய்யும் மேட்ச்மேக்கர் தொலைபேசியில் அழைத்தால், பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, அந்த இளைஞருக்கு நான்கோ ஆறோ பத்தோ சுற்றுகள் பாடம் நடத்தி, பெரும்பாலும் புள்ளிகளில் தோற்று, கூலியை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புபவர் அவர். ஹெவிவெயிட் என்னும் மிக அதிக எடைப் பிரிவில் இந்த ஆட்களின் தேவை இன்னும் அதிகம். நூறு கிலோ எடையும் அதற்கேற்ற உயரமும் உள்ள, அடி தாங்கத் தெரிந்த, குறுகிய அறிவிப்பில் வரக்கூடிய மனிதர்கள் எந்த நாட்டிலும் ஏராளமாக இருப்பதில்லை.

முதல் வேலையாக, கூட்டுத்தொகையைக் கையால் மறைத்துவிட்டு எதிராளிகளின் பெயர்களை மேலிருந்து கீழாகப் படியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் அருகில், அந்தச் சண்டை நடந்த நாளில் அந்த எதிராளியின் கணக்கு என்னவாக இருந்தது என்பதையும் பாருங்கள். பியூரிட்டியின் தோல்விகளில் ஹாசிம் ரஹ்மான் இருக்கிறார். அவர் 2001இல் லெனாக்ஸ் லூயிஸைத் தென்னாப்பிரிக்காவில் ஒரே குத்தில் சாய்த்து உலகச் சாம்பியன் ஆனவர். கோரி சாண்டர்ஸ் இருக்கிறார். 2003இல் ஹானோவரில் இதே விளாடிமிரை இரண்டு சுற்றுகளில் முடித்தவர். பின்னாளில் உலகச் சாம்பியன்களான இவர்களிடம் புள்ளிகளில் தோற்றதும், முகவரியற்ற ஒருவரிடம் விழுந்ததும் கூட்டுத்தொகையில் ஒன்றுபோலத்தான் எண்ணப்படும். வெற்றிகளைவிடச் சமன்களை உற்றுப் பார்ப்பது இன்னும் பயனுள்ளது. 1994 ஜூலையில் அட்லாண்டிக் சிட்டியில் டாமி மாரிசனோடு பியூரிட்டியின் பத்துச் சுற்றுச் சண்டை சமனில் முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜார்ஜ் ஃபோர்மனை வென்று உலகக் குத்துச்சண்டை அமைப்புகளுள் ஒன்றான டபிள்யூ.பி.ஓ.வின் பட்டத்தை வைத்திருந்தவர் மாரிசன். கிளிட்ச்கோ தரப்பில் அந்த ஒரு வரியை நின்று படித்திருந்தால், அவ்வளவு இளம் வீரருக்கு முன்னால் இவரை நிறுத்துவதற்குச் சற்றுத் தயங்கியிருக்கலாம்.

ஜேம்ஸ் டில்லிஸின் பதிவையும் இவ்வாறே படித்துப் பாருங்கள். 1981இல் மைக் வீவரிடம் உலகப் பட்டத்துக்காகப் பதினைந்து சுற்றுகள் ஆடித் தோற்றார். 1986 மே மாதம் கிளென்ஸ் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் மைக் டைசனைச் சந்தித்தார். அதுவரை டைசன் தம் 19 சண்டைகளையும் நாக் அவுட்டில் முடித்திருந்தார். டில்லிஸ் நான்காம் சுற்றில் ஒருமுறை விழுந்து எழுந்து, பத்துச் சுற்றையும் முடித்துப் புள்ளிகளில் தோற்றார். டைசனைத் தீர்ப்பு வரை நிறுத்திய முதல் ஆள் அவர்தான். 1988இல், கீழ் எடைப் பிரிவிலிருந்து ஏறிவந்த இவாண்டர் ஹோலிஃபீல்டின் முதல் ஹெவிவெயிட் சண்டைக்கும் டில்லிஸே அழைக்கப்பட்டார். ஐந்து சுற்றுகளில் அது முடிந்தது. மூன்றும் தோல்விகள்தாம். ஆனால் ஒரு தலைமுறையின் சாம்பியன்கள் ஒவ்வொருவரையும் சோதித்துப் பார்க்க அவரைத்தான் கூப்பிட்டார்கள் என்பதை அவை சேர்ந்து சொல்கின்றன. இத்தகைய வீரரை ஆங்கிலத்தில் வாசற்காவலர் என்ற பொருளில் கேட்கீப்பர் என்பார்கள். சாதாரண ஜர்னிமேனைவிட ஒரு படி மேலே நிற்பவர் அவர். அவரைத் தாண்டாமல் யாரும் பெரிய மேடைக்குப் போக முடியாது.

அடுத்து இடம் என்ற கட்டத்துக்கு வாருங்கள். ஜர்னிமேன் வீரர் ஏறக்குறைய எப்போதும் அடுத்தவர் ஊரில்தான் ஆடுகிறார். பிரிட்டனின் சிறிய அரங்குகளில் இது வெளிப்படையாகவே தெரியும். உள்ளூர் மூலையில் நிற்கும் இளைஞர் உறவினர், நண்பர், வேலையிடத்துத் தோழர் என்று எல்லோருக்கும் டிக்கெட் விற்றிருப்பார். அந்தப் பணத்திலிருந்துதான் எதிர் மூலைக்காரரின் கூலி கொடுக்கப்படும். கூட்டம் முழுவதும் ஒருவர் பக்கமே இருக்கும். அங்கே பட்டத்துக்கு அல்லாத போட்டிகளில் மூன்று நீதிபதிகள் கிடையாது. களத்துக்குள் நிற்கும் நடுவரே புள்ளியும் போடுகிறார். சுற்றை வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9. நான்கு சுற்றுச் சண்டையில் எல்லாச் சுற்றுகளையும் இழந்தால் 40-36 என்று எழுதப்படும். ஆகவே வெளியூர்க்காரர் ஒருவரின் பதிவில் 39-37, 39-38 என்ற எண்களைக் கண்டால் நின்று கவனியுங்கள். கூட்டமே எதிராக இரைகிற அரங்கில் ஒரு சுற்றை நடுவரிடமிருந்து பெறுவது எளிதான காரியமன்று.

தோல்வியின் வகையைப் பார்ப்பது அடுத்த படி. இதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். எல்லாச் சுற்றுகளையும் முடித்துப் புள்ளிகளில் தோற்றாரா, இல்லை சண்டை முடியும் முன்பே நிறுத்தப்பட்டாரா? பிரிட்டனில் ஒரு வீரர் தலையில் அடி வாங்கி நிறுத்தப்பட்டால் குறைந்தது 28 நாட்களுக்கு மீண்டும் ஆட அனுமதியில்லை. உடல்நலத்துக்காக ஏற்பட்ட நல்ல விதி இது. ஆனால் கூலிக்கு ஆடுபவருக்கு அதன் பொருள் ஒரு மாத வருமானம் போயிற்று என்பதே. அடுத்த வாரமே வேறோர் ஊரில் வேலை காத்திருக்கும்போது, இந்த வாரம் வீராவேசமாகப் பாய்ந்து நாக் அவுட் ஆவது அவருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் அவர் வளர்த்துக்கொள்ளும் திறமைகள் வேறானவை: தோளைத் திருப்பி அடியை வழுக்கவிடுவது, எதிராளியின் முழங்கைக்குள் கையை நுழைத்துக் கட்டிப்பிடிப்பது, உடல் எடை முழுவதையும் அவர் கழுத்தின்மேல் சாய்த்துக் களைப்பாக்குவது, கயிற்றில் முதுகைக் கொடுத்து மூச்சு வாங்குவது. எந்தத் தொகுப்புக் காணொளியிலும் இவை வருவதில்லை. ஒரு பழைய சண்டையின் காணொளியை ஒலியில்லாமல் ஓடவிட்டு, இளைய வீரரைப் பார்க்காமல் மூத்தவரின் கால்களையும் இடது கையையும் மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். இரண்டாம் சுற்றுக்குள் இந்தக் கைத்திறன் கண்ணுக்குப் பழகிவிடும்.

கெவின் ஜான்சன் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 2009 டிசம்பரில் பெர்ன் நகரில் விளாடிமிரின் அண்ணன் விட்டாலி கிளிட்ச்கோவிடம் பன்னிரண்டு சுற்றுகளும் நின்று புள்ளிகளில் தோற்றார். விட்டாலி தம் எதிராளிகளில் பெரும்பாலோரை இறுதி மணிக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பியவர். ஜான்சனை முதன்முதலில் நிறுத்தியவர் அந்தோணி ஜோஷுவா. அது 2015 மே மாதம் லண்டனில், இரண்டாம் சுற்றில் நடந்தது. ஜோஷுவா உண்மையிலேயே கடுமையாக அடிப்பவர் என்று அன்று பலர் நம்பத் தொடங்கியதற்குக் காரணம் ஜான்சனின் பதிவில் அதுவரை அப்படி ஒரு வரி இல்லாததே. ஜர்னிமேனின் தோல்வி அடுத்தவருக்கு அளவுகோலாகப் பயன்படுவது இப்படித்தான்.

எடைக் கட்டம் ஹெவிவெயிட்டுகளுக்கு மட்டும் தனிக் கதை சொல்லும். மற்றப் பிரிவுகளில் எல்லோரும் வரம்புக்கு உட்பட்டே தராசில் நிற்பார்கள். ஹெவிவெயிட்டில் 200 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 91 கிலோ என்பது கீழ் எல்லை. மேல் எல்லை கிடையாது. ஆதலால் தராசு காட்டிய எண் தயாரிப்பின் அளவைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜர்னிமேன் அல்லாத ஒருவரைச் சொன்னால் இது தெளிவாக விளங்கும்: 1990 பிப்ரவரியில் டைசனை வீழ்த்தியபோது பஸ்டர் டக்ளஸின் எடை 231 பவுண்டுக்குச் சற்று மேல், அதே ஆண்டு அக்டோபரில் ஹோலிஃபீல்டிடம் மூன்றாம் சுற்றில் விழுந்தபோது 246. ஜர்னிமேன் வீரரின் பதிவில் இரண்டு சண்டைகளுக்கு இடையே இப்படி ஏறியிருந்தால், அவர் பயிற்சிக்கூடத்திலிருந்து வராமல் வேறு வேலையிலிருந்து நேராக வந்திருக்கக்கூடும் என்று கருதலாம்.

வேறு வேலை என்றதும் சக் வெப்னரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நியூ ஜெர்சியின் பேயோன் நகரத்துக்காரரான அவர் பகலில் மது விற்பனைப் பிரதிநிதியாக இருந்தார். புருவம் எளிதில் கிழிந்துவிடும் என்பதால் ஊர்ப்பெயரோடு சேர்த்து இரத்தம் சிந்துபவர் என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. 1970 ஜூனில் ஜெர்சி சிட்டியில் சன்னி லிஸ்டனிடம் ஒன்பது சுற்றுகள் நின்று, முகத்தில் 70க்கும் மேற்பட்ட தையல்களோடு வீடு திரும்பினார். 1975 மார்ச் 24 அன்று ஒஹாயோவில் முகமது அலியை எதிர்கொள்ளும் வாய்ப்பு வந்தபோதுதான் அவரால் முதன்முறையாக வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் பயிற்சி செய்ய முடிந்தது. ஒன்பதாம் சுற்றில் அலி தரையில் விழுந்தார். வெப்னர் தன் காலை மிதித்துவிட்டார் என்று அலி சொன்னார். பதினைந்தாம் சுற்றில் இன்னும் 19 நொடிகளே இருந்தபோது நடுவர் சண்டையை நிறுத்தினார். அலிக்கு 15 இலட்சம் டாலர், வெப்னருக்கு 1 இலட்சம். பதிவில் இவை எதுவும் இராது, டி.கே.ஓ. 15, அதாவது பதினைந்தாம் சுற்றில் சண்டை நிறுத்தப்பட்டது என்று மட்டும் இருக்கும். கூலித் தொகையும் பயிற்சிக் காலமும் எந்தக் கட்டத்திலும் எழுதப்படுவதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டே மற்றக் கட்டங்களைப் படிக்க வேண்டும்.

கடைசியாக, தேதிகளையும் முடிவுகளையும் சேர்த்துப் படியுங்கள். இங்கே இரசிக மனத்தை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். பல ஆண்டுகள் புள்ளிகளில் மட்டுமே தோற்றுவந்தவர் திடீரென்று இரண்டாம், மூன்றாம் சுற்றுகளில் நிறுத்தப்படத் தொடங்கினால், அனிச்சைச் செயல்கள் மந்தமாகிவிட்டன என்று பொருள். அந்த வரிகளுக்கிடையே இடைவெளி குறைவாகவும் நாடுகள் மாறிக்கொண்டும் இருந்தால், எங்கோ உரிமம் மறுக்கப்பட்டிருக்கலாம். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் தொழில்முறைக் குத்துச்சண்டைப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன், ஒரு மாநிலத்தில் தடை செய்யப்பட்டவர் பக்கத்து மாநிலத்தில் ஆடுவது வழக்கமாகவே இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பிறகே வீரர்களுக்கு அடையாள அட்டை வந்தது, மருத்துவத் தடையை எல்லா மாநிலங்களும் மதிக்க வேண்டியதாயிற்று. நாடுகளுக்கிடையே அப்படிப்பட்ட கட்டுப்பாடு இன்றும் இல்லை. 2004இல் டைசனை நான்காம் சுற்றில் வீழ்த்திய டேனி வில்லியம்ஸ், பின்னாளில் பிரிட்டனில் உரிமம் இல்லாத நிலையில் ஐரோப்பாவின் பல ஊர்களில் ஆடித் தோற்றுக்கொண்டிருந்தார். அந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகும். தலையில் விழும் அடிகளின் கணக்கு மூளையில் சேர்ந்துகொண்டே போகிறது. களத்தில் வாங்கியதோடு பயிற்சிக்கூடத்தில் வாங்கியதும் அதில் சேரும். மேட்ச்மேக்கரோ பயிற்சியாளரோ ஆவதற்கு விருப்பமுள்ளவர்கள் வேறு எதையும் கற்காவிட்டாலும் இந்த ஒரு வடிவத்தை அடையாளம் காணக் கற்றுக்கொள்ள வேண்டும். அதைக் கண்டும் அழைப்பு விடுப்பது அந்த மனிதருக்குச் செய்யும் கொடுமை.

தொடங்குவதற்கு யாருடைய பதிவு நல்லது என்று கேட்டால் பியூரிட்டியினுடையதையே சொல்வேன். கீவ் வரியில் விரலை வைத்துக்கொண்டு முதலில் பின்னோக்கிப் படியுங்கள்: சாண்டர்ஸ், ரஹ்மான், மாரிசன் என்று ஒவ்வொரு பெயரிலும் நின்று, அந்த நாளில் அவர்கள் யாராக இருந்தார்கள், பிறகு யாரானார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் முன்னோக்கி வாருங்கள். 2001 டிசம்பரில் ஓபர்ஹவுசன் நகரில், தம்பியின் கணக்கைத் தீர்க்க அண்ணன் விட்டாலி அவரை எதிர்கொண்டார். வெற்றி விட்டாலிக்கே கிடைத்தது. ஆனால் சுற்று என்ற கட்டத்தில், தம்பி விழுந்த இரவில் எழுதப்பட்ட அதே 11தான் இருக்கும்.